விழுந்துகொண்டே இருக்கும் பிரேக்கர்: குற்றம் எங்கே?

வீட்டு மெயின் போர்டில் ஒரு பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுகிறது. தூக்கிவிட்டால் சற்று நேரம் நிற்கிறது, மறுபடி விழுகிறது. குற்றம் பிரேக்கரிலா, அதில் ஓடும் கருவியிலா, சுவருக்குள் போகும் கம்பியிலா? வீட்டுக்குள் மின்சாரம் நுழைந்த காலத்திலிருந்தே கேட்கப்படும் கேள்வி இது. விடைகளுக்கும் குறைவில்லை. “லோடு அதிகம்” என்றது ஒரு காலம். “எங்கோ எர்த் ஆகுது” என்றது அடுத்த காலம். “காரணமே இல்லாமல் விழுது” என்பது இன்றைய பேச்சு. “பிரேக்கர் போய்விட்டது, மாற்றிவிடலாம்” என்பது எல்லாக் காலத்துக்கும் பொது.

இந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பாதுகாப்புச் சாதனத்தோடு பிறந்தது தெரிகிறது. அந்தச் சாதனத்துக்கு அது பெரும்பாலும் சரியாகவே பொருந்தியது. சாதனம் மாறிய பிறகும் பழைய விடை கைப்பழக்கமாகத் தங்கிவிடுவதில்தான் சிக்கல். ஃபியூஸுக்குச் சொன்ன வைத்தியத்தை, லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும் எம்.சி.பி.க்கும், எம்.சி.பி.க்குச் சொன்னதை, கசிவுக்கு விழும் ஆர்.சி.சி.பி.க்கும் செய்வதால் விளையும் கேடு சிறிதல்ல. இந்தக் கட்டுரை அந்த விடைகளைத் தோன்றிய வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறது. உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடுகளின் வயரிங்கை ஒட்டியவை.

ஃபியூஸ் காலம்: தடிமனாகக் கட்டு

எடிசன் 1879இலேயே, மின்னோட்டம் மிகும்போது தானே துண்டிக்கும் ஓர் அமைப்பைத் தமது காப்புரிமை விண்ணப்பத்தில் விவரித்திருந்தார். ஆனால் அவருடைய மின் விநியோகத்தில் நடைமுறைக்கு வந்தது உருகும் கம்பி. பீங்கான் கட்டையில் வெள்ளீயம் பூசிய தாமிர இழையைக் கட்டும் முறை இந்திய வீடுகளில் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. மீட்டர் பலகைகளில் ஃபியூஸ் கட்டைகளை இன்றும் பார்க்கலாம்.

உருகும் இழை துல்லியமான காவலன் அல்ல. அது உருக, குறித்த அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டம் தேவைப்படும். அதனாலேயே பிரிட்டனின் விதிகள், இவ்வகை ஃபியூஸுக்குப் பின்னால் வரும் கேபிளின் திறனை 0.725ஆல் பெருக்கிக் குறைத்துக் கணக்கிடச் சொல்கின்றன. கட்டையில் எந்த இழை கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டியவர் மட்டுமே அறிவார். இரண்டு முறை உருகினால் மூன்றாம் முறை இரண்டு இழையாகவோ, ஃபிளெக்சிபிள் வயரிலிருந்து உருவிய நாலைந்து இழையாகவோ கட்டுவார்கள். வீடு இருட்டில் கிடக்கிறது, கடையோ தூரம் என்ற நிலையில் பிறந்த பழக்கம் அது. அதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கையும் இருந்தது: உருகியது பலவீனமான இழை, எனவே பலமான இழை போட்டால் போதும்.

ஃபியூஸ் போன பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. இன்று அது, 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்தால் 25 அல்லது 32 போடும் வடிவத்தில் வாழ்கிறது. பிரேக்கரின் எண் கருவிக்காகக் குறிக்கப்பட்டதல்ல, கம்பிக்காகக் குறிக்கப்பட்டது. நம் வீடுகளில் விளக்கு, ஃபேனுக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பியும், பவர் பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. கம்பியும், ஏர் கண்டிஷனருக்கு 4 சதுர மி.மீ. கம்பியும் போடுவது வழக்கம். குழாய்க்குள் ஓடும் 1.5 சதுர மி.மீ. கம்பி தாங்குவது சுமார் 15 ஆம்பியர். அதன் தலையில் 32 ஆம்பியர் எம்.சி.பி.யை வைத்தால், தர விதிப்படியே அது 46 ஆம்பியரை ஒரு மணி நேரம் வரை விழாமல் அனுமதிக்கலாம். சாதாரண பி.வி.சி. காப்புறை தாங்கும் வெப்பம் 70 டிகிரி. பிரேக்கர் விழுவது நின்றுவிடும். சுவருக்குள் நடப்பது வெளியே தெரியாது. இந்த ஆய்வில் தயக்கமின்றித் தவறு என்று சொல்லக்கூடிய விடை இது ஒன்றே.

எம்.சி.பி. காலம்: லோடு அதிகம்

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டாட்ஸின் நிறுவனம் 1924இல் காப்புரிமை பெற்ற சிறு பிரேக்கர், இன்றைய எம்.சி.பி.க்கு முன்னோடி. அதில் இரண்டு உணர்வுகள் சேர்ந்திருந்தன. மெதுவாகச் சூடேறி வளையும் ஈருலோகப் பட்டை அதிக லோடைப் பார்க்கும். நொடியில் இழுக்கும் மின்காந்தச் சுருள் ஷார்ட்டைப் பார்க்கும். நூறாண்டாகியும் அடிப்படை மாறவில்லை.

விழுந்த விதத்திலேயே காரணம் தெரியும் என்பது இந்தச் சாதனம் தந்த பெரிய வசதி. தூக்கிய கையோடு விழுந்தால் ஷார்ட். பத்து நிமிடமோ அரை மணியோ கழித்து விழுந்தால் லோடு அல்லது வெப்பம். நல்ல விதிதான். ஆனால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எண்களோடு பார்க்க வேண்டும்.

வீட்டு எம்.சி.பி.க்கான ஐ.இ.சி. 60898 தரத்தை இந்தியாவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்படி, குறித்த அளவைப்போல் 1.13 மடங்கு மின்னோட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பிரேக்கர் விழக் கூடாது. 1.45 மடங்கில் ஒரு மணிக்குள் விழுந்தே ஆக வேண்டும். 2.55 மடங்கில், 32 ஆம்பியர் வரையிலான பிரேக்கர் 1 நொடிக்கும் 60 நொடிக்கும் இடையில் விழ வேண்டும். இப்போது ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்கும். அதே சர்க்கியூட்டில் 2000 வாட் கீசரும் ஓடினால் மொத்தம் 17.4. பதினாறு ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது 1.09 மடங்குதான், எனவே விழக் கூடாது. இதோடு 1000 வாட் அயர்ன் பாக்ஸ் சேர்ந்தால் 21.7 ஆம்பியர், அதாவது 1.36 மடங்கு. 1.13க்கும் 1.45க்கும் இடையிலுள்ள இந்தப் பகுதியில் தரம் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. “ஒருநாள் நிற்குது, ஒருநாள் நிற்கல, அப்போ பிரேக்கர் கெட்டுப்போச்சு” என்ற முடிவு இங்கே பிழையாகிறது. பிரேக்கர் தன் வரம்புக்குள்தான் நடந்துகொள்கிறது.

வெப்பம் கதையை இன்னும் குழப்புகிறது. மேலே சொன்ன எண்கள் 30 டிகிரி சூழலுக்கானவை. ஈருலோகப் பட்டைக்கு, மின்னோட்டம் தந்த சூடும் மே மாத வெயில் தந்த சூடும் ஒன்றே. மேற்குச் சுவரில் பதித்த இரும்புப் பெட்டிக்குள் எட்டு எம்.சி.பி.க்கள் நெருக்கமாக நின்று ஒன்றையொன்று சூடாக்கும்போது, 16 என்று எழுதியிருப்பது அதற்கும் குறைந்த அளவிலேயே விழலாம். தயாரிப்பாளர்கள் இதற்குத் திருத்த அட்டவணை தருகிறார்கள். வீட்டு வேலையில் அதைப் பார்ப்பவர் அரிது.

லோடு விடை கவனிக்காமல் விட்ட இன்னொரு வெப்ப மூலம் தளர்ந்த திருகு. கம்பி நுழையும் இடத்தில் திருகு இறுகாவிட்டால் அங்கே தடை கூடிச் சூடேறும். அந்தச் சூடு தாமிரத்தின் வழியாகப் பட்டைக்குப் போகும். லோடு குறைவாக இருந்தும் பிரேக்கர் விழும். காப்புறையில் பழுப்பு நிறம், பிளாஸ்டிக் கருகும் வாசனை, தொட்டால் ஒரு பிரேக்கர் மட்டும் அதிகச் சூடு ஆகியவை இதன் அடையாளங்கள். எலக்ட்ரீசியன் புதிய எம்.சி.பி. மாட்டும்போது திருகுகளையும் புதிதாக இறுக்குகிறார். பழுது தீர்ந்துவிடுகிறது. பழைய பிரேக்கர் கெட்டிருந்தது என்ற கருத்தும் உறுதிப்படுகிறது. பிரேக்கரை மாற்றுவது பலருக்குப் பலன் தந்ததாகச் சொல்லப்படுவதில், ஒரு பகுதியேனும் திருகின் பலனாக இருக்கலாம்.

மோட்டார் உள்ள கருவிகள் தனி வகை. பழைய, ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரசர் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். கரண்ட் போய் உடனே திரும்பினால், உள்ளே அழுத்தம் இறங்குமுன் கிளம்ப முயன்று திணறும். இதற்காகத்தான் எம்.சி.பி.யில் வகைகள் வந்தன. பி வகையின் சுருள் 3 முதல் 5 மடங்கில் இழுக்கும், சி வகை 5 முதல் 10 மடங்கில், டி வகை 10 முதல் 20 மடங்கில். பி வகை விழுந்தால் சி வகை போடு என்பது இன்று எல்லோரும் சொல்லும் ஆலோசனை. பெரும்பாலும் சரி, ஆனால் விலை உண்டு. 16 ஆம்பியர் சி வகை நொடியில் விழுவதை உறுதிசெய்ய, ஷார்ட் ஆகும்போது 160 ஆம்பியர் ஓட வேண்டும். 230 வோல்ட்டில் அதற்கு, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பழுது இடம் வரை போய்த் திரும்பும் முழுச் சுற்றின் தடை 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். நகரத்து வீட்டில் இது இயல்பு. நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் கிராமத்து வீட்டில் அப்படி இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் லோடை அடுத்த ஃபேஸுக்கு மாற்றும் திருப்பு சுவிட்ச் உண்டு. மாற்றியதை மறந்துபோய், இரண்டு ஏர் கண்டிஷனரும் கீசரும் ஒரே ஃபேஸில் நாட்கணக்கில் ஓடுவதும் லோடு ட்ரிப்புக்கு ஒரு காரணம். பழுது எதுவும் இல்லாத பழுது இது.

ஆர்.சி.சி.பி. காலம்: எங்கோ கசிகிறது

எம்.சி.பி. கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்காது. நம் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் வாசலோரம் புதைத்த குழாய். அதன் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், கீசரின் உடலில் ஃபேஸ் பட்டால் ஓடக்கூடியது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. கீசரின் உடல் மின்னேறியே நிற்கும். கோடையில் எர்த் குழி காய்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதற்கு முதலில் வந்த இ.எல்.சி.பி. எர்த் கம்பியில் எழும் வோல்ட்டேஜைப் பார்த்து விழுந்தது. தண்ணீர்க் குழாய், கட்டடக் கம்பி என்று எர்த்துக்கு வேறு வழிகள் இருந்தால் அது ஏமாந்துபோகும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் 1950களின் நடுவிலும், ஆஸ்திரியாவில் கோட்ஃப்ரீட் பீகல்மையர் அதே பத்தாண்டின் பிற்பகுதியிலும் வேறு வழியில் போனார்கள். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே காந்த வளையத்துக்குள் செலுத்தினால், போனதும் வந்ததும் சமமாக இருக்கும்வரை வளையம் சும்மா இருக்கும். வித்தியாசம் எழுந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். இன்றைய ஆர்.சி.சி.பி. இதுதான். பேச்சில் இன்னும் இ.எல்.சி.பி. என்றே சொல்கிறோம்.

எவ்வளவு கசிந்தால் விழ வேண்டும்? இங்கே உலகம் இரண்டாகப் பிரிந்தது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் டால்சியல், மின்னேறிய கம்பியைப் பிடித்த கை எந்த அளவு வரை தானே விட முடியும் என்று ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார். 1961இல் அவர் வடிவமைத்த சாதனத்தின் வழிவந்த அமெரிக்க முறை, 5 மில்லி ஆம்பியர் அளவில் விழுகிறது. ஐரோப்பிய மரபு, இதயத் துடிப்பு குலையும் எல்லையைக் கணக்கில் கொண்டு 30 மில்லி ஆம்பியரில் நின்றது. அமெரிக்க முறை அதிகம் விழும், எனவே குளியலறை, சமையலறைப் பிளக்குகளில் தனித்தனியாக மாட்டினார்கள். ஐரோப்பிய முறை பல சர்க்கியூட்டுகளுக்குச் சேர்த்து ஒன்று என்று வைக்க இடம் தந்தது. இந்தியா பின்பற்றுவது 30 மில்லி ஆம்பியர். அதையும் நாம் பெரும்பாலும் முழு வீட்டுக்கும் ஒன்றாக மாட்டுகிறோம். அதனால் எந்த மூலையில் ஈரம் பட்டாலும் வீடு முழுவதும் இருளில் மூழ்குகிறது. கழற்றிவிடலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

கசிவின் மூலங்களில் சில எதிர்பார்க்கக்கூடியவை. மழையில் நனைந்த கேட் விளக்கு, போர் மோட்டாரின் கேபிள் இணைப்பு, வாஷிங் மெஷின், சுவிட்ச் போர்டுக்குள் செத்த பல்லி, எறும்புப் புற்று. கீசர் சற்றே புதிரானது. அதன் சூடேற்றும் குழாய்க்குள் காப்புப் பொருளாக இருப்பது மக்னீசியம் ஆக்சைடு தூள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கோடை முழுவதும் போடாமல் விட்டு ஐப்பசியில் போட்டால் ஆர்.சி.சி.பி. விழலாம். சற்று நேரம் சூடேறினால் ஈரம் வெளியேறிச் சரியாகிவிடுவதும் உண்டு. குழாயில் வெடிப்பு விழுந்திருந்தால் சரியாகாது. இரண்டையும் முதல் நாளில் பிரித்தறிய முடியாது என்பது இந்த விடையின் ஒரு பலவீனம்.

அதைவிடப் பெரிய பலவீனம் நியூட்ரல். சுவரில் எங்கோ நியூட்ரல் கம்பி எர்த்தோடு தொட்டுக்கொண்டிருந்தால், திரும்பும் மின்சாரத்தில் ஒரு பங்கு எர்த் வழியே போய்விடும். லோடு கூடக்கூட அந்தப் பங்கும் கூடும். ஆகவே இரண்டு ஏர் கண்டிஷனரும் ஓடினால்தான் விழுகிறது. பார்ப்பவருக்கு இது அச்சு அசலாக லோடு ட்ரிப். “40 ஆம்பியர் பத்தல, 63 போடணும்” என்கிறார்கள். ஆர்.சி.சி.பி.யில் 40 என்பது தாங்கும் அளவு. விழும் அளவு 30 மில்லி ஆம்பியர்தான், அது மாறவில்லை. புதிய சாதனமும் விழும். அடுத்த கட்டமாக 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் சாதனம் வருகிறது. விழுவது நின்றுவிடுகிறது, உயிர்க் காப்பும் நின்றுவிடுகிறது. 300 மில்லி ஆம்பியர் தீயைத் தடுக்கும் நோக்கில் வைப்பது. மின்னேறிய கம்பியைப் பிடித்த கைக்கு அது உதவாது.

இன்வெர்ட்டர் நம் வீடுகளுக்கே உரிய சிக்கலைச் சேர்த்திருக்கிறது. விளக்குக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டரிலிருந்து தனி ஃபேஸ் இழுத்து, நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடுவது பழைய பழக்கம். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இது வெளியே தெரியாது. பின்னாளில் அதை மாட்டும்போது, இன்வெர்ட்டருக்குப் போகும் ஃபேஸ் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்தும், நியூட்ரல் அதற்குப் பின்னாலிருந்தும் அமைந்துவிட்டால் கணக்கு உதைக்கிறது. பேட்டரியில் ஓடும்போது எல்லாம் நலம். கரண்ட் வந்ததும், போகும் மின்சாரம் வளையத்துக்குள் வராமல் திரும்புவது மட்டும் வருகிறது. 28 வாட் ஃபேன் ஒன்றே 120 மில்லி ஆம்பியர் எடுக்கும், விழும் அளவைப்போல் நான்கு மடங்கு. கரண்ட் வந்தவுடன் விழுகிறது என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தப் பொது நியூட்ரல்தான். கருவி எதிலும் கசிவு இல்லை. கசிவைத் தேடி ஒவ்வொரு கருவியாகக் கழற்றுவது இங்கே வீண் வேலை.

இன்றைய விடை: காரணமின்றி விழுகிறது

பழுதே இல்லாமல் விழுகிறது என்ற கட்சிக்கும் ஆதாரம் உண்டு. கணினி, எல்.இ.டி. டிரைவர், இன்வெர்ட்டர் வகை ஏர் கண்டிஷனர், வாஷிங் மெஷின் என்று இன்றைய கருவிகளில் பலவற்றில் இரைச்சல் வடிகட்டி இருக்கிறது. அதன் மின்தேக்கிகள் இயல்பாகவே எர்த்துக்குச் சிறிது மின்சாரத்தை விடுகின்றன. மேசைக் கணினி ஒன்று ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கு விடலாம். 30 என்று குறித்த ஆர்.சி.சி.பி. 15க்கும் 30க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழத் தரம் இடமளிக்கிறது. எல்லாக் கருவிகளுமாக 10 மில்லி ஆம்பியர் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்க, ஈரக் கீசர் 6 சேர்த்தால் விழுந்துவிடலாம். கீசரைக் கழற்றினால் நிற்கும், கணினிகளைக் கழற்றினாலும் நிற்கும். யார் குற்றவாளி? தனித்தனியே எவரும் இல்லை. இதை எதிர்பார்த்தே பிரிட்டனின் வயரிங் விதி, நிரந்தரக் கசிவு சாதனத்தின் அளவில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. 30 மில்லி ஆம்பியருக்கு அது 9. வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடி மின்னலும் லைனில் கணநேர அலைகளை ஏற்றி, வீட்டில் எந்தப் பழுதும் இல்லாமல் சாதனத்தை விழவைக்கக்கூடும்.

ஆனால் இந்த விடையை ஏற்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். காரணம் தெரியவில்லை என்பதைக் காரணம் இல்லை என்று மாற்றிச் சொல்ல இது எளிதில் இடம் கொடுக்கிறது. மேலே பார்த்த பொது நியூட்ரல், நியூட்ரல்–எர்த் தொடர்பு இரண்டும் பல வீடுகளில் வீண் ட்ரிப் என்றே பெயர் பெறுகின்றன.

மறுபக்கமும் உண்டு. எளிய ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி. மாறுமின்னோட்டக் கசிவை மட்டுமே அறியும். மின்னணுக் கருவிகளிலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் அதன் காந்த வளையம் மந்தமாகி, விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். துடிக்கும் நேர்மின்னோட்டத்தையும் அறியும் ஏ வகை, அதற்கு மேற்பட்ட எஃப், பி வகைகள் இதற்காக வந்தன. ஜெர்மனி ஏ.சி. வகையை ஏற்பதில்லை. ஆஸ்திரேலியா 2023 முதல் புதிய நிறுவல்களிலிருந்து அதை விலக்கியது. இந்தியக் கடைகளில் பரவலாகக் கிடைப்பது இன்னும் ஏ.சி. வகைதான். அடிக்கடி விழுவதைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு விழாமல் போவதைப் பற்றிப் பேசுவதில்லை. அமெரிக்காவில் ஃபெடரல் பசிஃபிக் நிறுவனத்தின் ஸ்டாப்-லாக் பிரேக்கர்கள் அதிக லோடிலும் விழவில்லை என்ற புகார் 1980களின் தொடக்கத்தில் அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வரை போனது. அவை பொருத்திய வீடுகளில் யாரும் ட்ரிப் தொல்லையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கழித்துக் கழித்துத் தேடுவது

எல்லா விடைகளையும் பொதுவாகச் சோதிக்கும் முறை ஒன்றே, அதுவும் பழையது. எந்தக் கைப்பிடி விழுந்தது என்று முதலில் பார்ப்பது. எம்.சி.பி. என்றால் லோடு, வெப்பம், ஷார்ட். டெஸ்ட் பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி. என்றால் கசிவு அல்லது நியூட்ரல். இந்த ஒரு பார்வை பாதித் தவறுகளைத் தவிர்க்கும். தூக்கிய உடனே விழும் எம்.சி.பி.யை மீண்டும் மீண்டும் தூக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஷார்ட் மின்னோட்டம் முழுவதையும் அதன் முனைகள் தாங்குகின்றன.

ஆர்.சி.சி.பி. விழுந்தால், எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்கி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுவது வழக்கம். எம்.சி.பி. எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால், “ஆர்.சி.சி.பி. போச்சு” என்று முடிவெடுக்கிறார்கள். அது அவசரம். ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல் இணைந்தேதான் இருக்கிறது. அதனால்தான் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி வைத்துச் சோதிக்க வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் மெயினை நிறுத்தி, ஆர்.சி.சி.பி.யிலிருந்து வீட்டுக்குப் போகும் கம்பிகளைக் கழற்றி வைத்து, மறுபடி மின்சாரம் கொடுத்தும் விழுந்தால்தான் சாதனத்தில் பழுது என்று சொல்லலாம்.

டெஸ்டர் விளக்கால் கசிவைக் காண முடியாது. காப்புத் தடையை அளக்கும் மெக்கர் காட்டும். 500 வோல்ட் சோதனையில் காப்புத் தடை குறைந்தது ஒரு மெகா ஓம் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 30 மில்லி ஆம்பியர் கசிய, தடை 7.7 கிலோ ஓமுக்கு இறங்கினாலே போதும். இரண்டுக்கும் நடுவில் நூறு மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது. கம்பி கெட்டுக்கொண்டே வருவதை, அது விழவைக்கும் முன்பே மெக்கர் சொல்லிவிடும். வீட்டுப் பழுதுக்கு மெக்கர் கொண்டுவருவது இங்கே அரிதாக இருப்பது வருந்தத்தக்கது. எனினும் மின்னணுக் கருவிகளைக் கழற்றாமல் அதைப் பயன்படுத்தினால் அவை கெடலாம். மழை பெய்யும்போது மட்டும் வரும் கசிவை வெயில் நாளில் அதுவும் காட்டாது. அப்படிப்பட்ட பழுதுக்கு, எந்த நேரம் எந்த வானிலையில் எது ஓடும்போது விழுந்தது என்று வீட்டார் எழுதி வைக்கும் குறிப்பே பெரிய உதவி.

டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும் என்கிறார்கள். எதுவானாலும், அந்தப் பொத்தான் சாதனத்தின் இயக்கத்தைத்தான் சோதிக்கிறது. எர்த் குழி நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது.

வயரிங்கைப் பிரி

பழுதைத் தேடுவதைவிட, பழுது எங்கிருக்கிறது என்று தானே தெரியும்படி வீட்டைப் பிரித்துவிடலாம் என்பது இன்னொரு கட்சி. ஒவ்வொரு சர்க்கியூட்டுக்கும் லோடையும் கசிவையும் சேர்த்துப் பார்க்கும் ஆர்.சி.பி.ஓ. வைப்பது, அல்லது வீட்டை இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி.க்குப் பிரிப்பது. பிரிட்டனில் 2008 விதிகளுக்குப் பிறகு பிரித்த போர்டு பரவலானது. கீசர் கசிந்தால் கீசர் மட்டும் நிற்கும், ஃபேன் ஓடும். கழற்றி எறியத் தூண்டும் எரிச்சல் குறையும். நிரந்தரக் கசிவும் பங்கிடப்படும். புது வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்றே படுகிறது. செலவு பன்மடங்கு ஆகும் என்பது உண்மை. பழைய வீட்டுக்குத் தடை வேறு: எல்லா சர்க்கியூட்டுக்கும் ஒரே நியூட்ரல் ஓடும் சுவரை உடைக்காமல் பிரிக்க முடியாது. பிரிக்காமல் இரண்டு ஆர்.சி.சி.பி. மாட்டினால் இரண்டும் விழும்.

தீராதவை

ஒவ்வொரு விடையும் தன் எல்லைக்குள் செல்லும் என்று சொல்லலாம். எந்த எல்லை என்பதில்தான் சில இடங்கள் இன்னும் தெளிவாகவில்லை. 30 டிகிரிக்கு அளந்த சாதனத்தை, ஆண்டில் பாதி நாள் அதைத் தாண்டும் ஊரில் சுவருக்குள் அடைத்து வைப்பதற்கு, வீட்டு எலக்ட்ரீசியன் கையாளக்கூடிய எளிய விதி வேண்டும். பெட்டிக்குள் இடைவெளி விடுவதா, எண்ணைக் கூட்டுவதா, கம்பியையும் சேர்த்துத் தடிப்பதா? எண்ணை மட்டும் கூட்டுவது தவறு என்பது உறுதி, மற்றவை கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். கூரையில் சோலார், கீழே பேட்டரி, வாசலில் மின்வண்டிச் சார்ஜர் என்று வீடு மாறும்போது ஏ.சி. வகை போதுமா என்ற கேள்விக்குச் சில நாடுகள் முடிவு சொல்லிவிட்டன. இங்கே விலையும் கிடைக்கும் தன்மையும் முடிவைத் தள்ளிப்போடுகின்றன. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு ஆர்.சி.சி.பி. வலியுறுத்தப்படுகிறது. இன்வெர்ட்டரும் பொது நியூட்ரலும் உள்ள லட்சக்கணக்கான பழைய வீடுகளில் அதை மாட்டும்போது எழும் ட்ரிப்புகளை யார் தீர்ப்பது, யார் செலவில் என்பது கூடவே வரும் கேள்வி.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். வயல், தொழிற்கூடம், சாலை, வீடு எல்லாம் அதில் அடங்கும். இறப்பு நடந்த இடத்தில் ஆர்.சி.சி.பி. இருந்ததா, இருந்தும் வேலை செய்யவில்லையா, ட்ரிப் தொல்லை தாங்காமல் அதைத் தாண்டி நேரடியாகக் கம்பி போட்டிருந்தார்களா என்பதை அந்த அட்டவணைகள் பிரித்துக் காட்டுவதில்லை. அடிக்கடி விழும் சாதனத்தால் மக்கள் இழக்கும் நம்பிக்கை எத்தனை உயிரைக் கொள்கிறது என்று அளக்க, விபத்து விசாரணைப் படிவத்தில் அந்த மூன்று கேள்விகளும் இடம்பெற வேண்டும்.